கோடு போடும் கை: அமெரிக்க நகரங்களில் நில வகைப்பாடும் வார்டு எல்லையும்

2021 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலிஸ் மாநகராட்சி மன்ற உறுப்பினர்கள் மூவர், ஒரு தொழிற்சங்கத் தலைவரோடு தனியறையில் உட்கார்ந்து வார்டு மறுவரையறை பற்றிப் பேசினார்கள். ஓராண்டு கழித்து அந்த ஒலிப்பதிவு வெளியே வந்தது. அதிலிருந்த இனவெறிச் சொற்களைக் கேட்டு நகரம் கொதித்தது. மன்றத் தலைவர் நூரி மார்ட்டினெஸ் பதவி விலகினார். அந்தச் சினம் நியாயமானது. ஆனால் அன்று பேசப்பட்ட விஷயம் அந்தச் சொற்களின் அளவுக்குக் கவனம் பெறவில்லை. எந்த விமான நிலையம், எந்தப் பல்கலைக்கழகம் எவருடைய வார்டுக்குள் வர வேண்டும், வாடகைக்குக் குடியிருப்போர் மிகுந்த கொரியாடவுன் எவர் கைக்குப் போக வேண்டும் என்பதே அங்கே கணக்கிடப்பட்டது. வாக்காளர்களைப் பிரிக்கும் கோட்டைப் பற்றிப் பேசியவர்களின் மனத்தில் நிலமும் கட்டடமும்தான் நிறைந்திருந்தன.

மாநகராட்சி மன்றத்தின் முன் இரண்டு வகைக் கோடுகள் வருகின்றன. ஒன்று, இந்த மனையில் தனி வீடா, அடுக்குமாடியா, கடையா, ஆலையா என்று விதிக்கும் நிலப் பயன்பாட்டுக் கோடு. மற்றது, இந்தத் தெருக்காரர்கள் எந்த நாற்காலிக்கு வாக்களிப்பார்கள் என்று விதிக்கும் வார்டு எல்லை. முதலாவதை நகரமைப்பு வல்லுநர்களும் பொருளியலாளர்களும் ஆராய்ந்தார்கள். இரண்டாவதைச் சட்ட அறிஞர்களும் அரசியல் அறிவியலாளர்களும் எடுத்துக்கொண்டார்கள். நூறாண்டுகளாக இரண்டுக்கும் தனித்தனியே விடைகள் குவிந்திருக்கின்றன. ஒரு கோடு மற்றதை எப்படி வளைக்கிறது, இரண்டையும் ஒரே மன்றத்தின் கையில் விடலாமா என்பது மட்டும் அண்மையில்தான் அழுத்தமாகக் கேட்கப்படுகிறது.

புகையைத் தடுக்க வந்த சட்டம்

நில வகைப்பாட்டுக்குச் சொல்லப்படும் முதல் நியாயம் தொல்லைத் தடுப்பு. குடியிருப்புக்கு நடுவே செங்கல் சூளை எரியக்கூடாது, தோல் பதனிடும் ஆலை கூடாது என்பதில் யாருக்கும் பெரிய மறுப்பு இருக்காது. ஆனால் எது தொல்லை என்று தீர்மானிக்கும் இடத்தில் எப்போதும் வேறொரு கணக்கும் நுழைந்திருக்கிறது. 1880இல் சான் பிரான்சிஸ்கோ, மரக் கட்டடத்தில் சலவைக்கூடம் நடத்த அனுமதி வேண்டும் என்று விதித்தது. தீ ஆபத்தே காரணமாகச் சொல்லப்பட்டது. மனுச் செய்த சீனர் ஏறத்தாழ 200 பேருக்கும் அனுமதி மறுக்கப்பட்டது. சீனரல்லாதோர் 80 பேரில் ஒருவரைத் தவிர அனைவருக்கும் கிடைத்தது. எழுத்தில் நடுநிலையான சட்டம் நடப்பில் பாகுபாடாக இருக்கலாம் என்று 1886இல் உச்ச நீதிமன்றம் இந்த வழக்கில்தான் தீர்த்தது.

பால்டிமோர் 1910இல் மறைப்பே இல்லாமல் இனத்தின்படி தெருக்களைப் பிரித்தது. கென்டக்கியின் லூயிவில் நகரம் கொண்டுவந்த அத்தகைய சட்டத்தை 1917இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. நியூயார்க் 1916இல் நகரம் முழுவதற்குமான முதல் விரிவான வகைப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. தெருவின் வெளிச்சத்தை மறைத்து எழுந்த ஈக்விட்டபிள் கட்டடம் அதற்கு உடனடித் தூண்டுதல்களில் ஒன்று. இந்த அதிகாரம் முழுவதும் செல்லுமா என்ற கேள்வி, கிளீவ்லேண்டை ஒட்டிய யூக்ளிட் என்ற சிற்றூரில் 68 ஏக்கர் வைத்திருந்த நில நிறுவனத்தின் வழக்காக உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1926இல் ஆறு நீதிபதிகள் ஊரின் பக்கம் நின்றார்கள், மூவர் எதிர்த்தார்கள். அந்தத் தீர்ப்பு புகையையும் சத்தத்தையும் மட்டும் பேசவில்லை. தனி வீடுகளுக்கு நடுவே எழும் அடுக்குமாடிக் கட்டடத்தையும் ஏறக்குறைய ஒரு தொல்லையாகவே பார்த்தது. இனத்தின் பெயரைச் சொல்லி மூட முடியாத கதவை வீட்டின் வகையைச் சொல்லி மூடலாம் என்பதற்கு அங்கே இடம் கிடைத்தது. வகைப்பாடு ஒதுக்கலின் கருவியாக வளர்ந்த வரலாற்றை ஜெசிக்கா டிரவுன்ஸ்டைன் 2018இல் வெளியிட்ட நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். எல்லா ஊர்களிலும் நோக்கம் இதுவாகவே இருந்தது என்று சொல்லச் சான்று போதாது. விளைவு பல ஊர்களில் ஒன்றுபோல் இருந்தது என்பதை மறுப்பது கடினம்.

பொருளியலாளர் வில்லியம் ஃபிஷல் இதற்கு இன்னொரு விளக்கம் தருகிறார். அமெரிக்கக் குடும்பத்தின் சேமிப்பில் பெரும்பகுதி அதன் வீட்டிலேயே முடங்கியிருக்கிறது. வீட்டு மதிப்பு சரிந்தால் அதற்குக் காப்பீடு கிடையாது. ஆகவே வீட்டுக்காரர் தன் வாக்கையே காப்பீடாகப் பயன்படுத்துகிறார் என்பது அவர் வாதம். சிறிய புறநகர் ஊர்களுக்கு இது நன்றாகப் பொருந்துகிறது. வாடகைதாரர் பெரும்பான்மையாக வாழும் பெருநகரங்களிலும் புதிய கட்டடங்களுக்கு எதிர்ப்பு ஏன் எழுகிறது என்பதற்கு அது முழு விடை தரவில்லை.

வகைப்பாடே வேண்டாம் என்போரின் சான்று ஹூஸ்டன். அந்நகர மக்கள் 1948, 1962, 1993 என மூன்று முறை வாக்கெடுப்பில் அதை நிராகரித்தார்கள். ஆனால் அங்கே பத்திரங்களில் எழுதப்பட்ட தனியார் கட்டுப்பாடுகள் அதே வேலையைச் செய்கின்றன. பத்திரம் எழுதி வைக்க வசதியில்லாத பகுதிகளே பாதுகாப்பில்லாமல் நின்றன. ராபர்ட் புல்லார்ட் 1970களின் இறுதியில் ஆராய்ந்தபோது, மாநகராட்சிக்குச் சொந்தமான ஐந்து குப்பைக் கிடங்குகளும் கறுப்பின மக்களின் குடியிருப்புகளில்தான் இருந்தன. கோட்டை அழித்தால் மட்டும் சமத்துவம் வந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு இதைவிடக் கடுமையான பதில் வேண்டியதில்லை.

28 பக்கங்கள் கொண்ட நகரம்

வாக்குக் கோட்டின் வரலாற்றில் அலபாமாவின் டஸ்கீகியை மறக்க முடியாது. 1957இல் மாநிலச் சட்டமன்றம் அந்த நகரத்தின் எல்லையை மாற்றியது. சதுரமாக இருந்த நகரம் 28 பக்கங்கள் கொண்ட விசித்திர உருவமானது. அங்கிருந்த கறுப்பின வாக்காளர் ஏறத்தாழ 400 பேரில் நாலைந்து பேர் தவிர எல்லோரும் நகரத்துக்கு வெளியே போனார்கள். வெள்ளையர் ஒருவர்கூட வெளியேறவில்லை. 1960இல் உச்ச நீதிமன்றம் இதைச் செல்லாதென்றது.

அடுத்த படி எண்ணிக்கைச் சமத்துவம். டெக்சஸின் மிட்லண்டு மாவட்ட மன்றத்தின் நான்கு பிரிவுகளில் ஒன்றில் 67,906 பேர். மற்ற மூன்றில் முறையே 852, 414, 828. நான்குக்கும் ஒவ்வோர் உறுப்பினர். 1968இல் வந்த தீர்ப்பு, ஒருவருக்கு ஒரே மதிப்புள்ள வாக்கு என்ற நெறியை உள்ளாட்சிகளுக்கும் கொண்டுவந்தது. யாரை எண்ணுவது என்ற சிக்கலை அது தீர்க்கவில்லை. அயோவாவின் அனமோசாவில் ஒரு வார்டின் மக்கள்தொகை ஏறத்தாழ முழுவதும் சிறைக் கைதிகள். வாக்குரிமை இல்லாத அவர்களையும் சேர்த்து எண்ணியதால், 2005இல் இரண்டே வாக்குகள் பெற்றவர் அங்கே உறுப்பினரானார்.

எண்ணிக்கை சமமானாலும் குரல் சமமாகுமா? அலபாமாவின் மொபைல் நகரில் மூன்று ஆணையர்களையும் நகரம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் கறுப்பினத்தவர். அவர்களில் ஒருவர்கூட ஒருபோதும் தேர்வாகவில்லை. பாகுபாட்டு நோக்கத்தை நிறுவினால்தான் வழக்கு நிற்கும் என்று 1980இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 1982இல் நாடாளுமன்றம் வாக்குரிமைச் சட்டத்தைத் திருத்தி, விளைவே போதும் என்றது. அதற்குப் பிறகு நூற்றுக்கணக்கான நகரங்கள் நகரம் தழுவிய தேர்தலைக் கைவிட்டு வார்டு முறைக்கு மாறின.

ஆஸ்டின்: இரு கோடுகளும் ஒரே கதையில்

இவ்விரண்டு வரலாறுகளும் ஒன்றையொன்று தொடும் இடங்களில் டெக்சஸின் தலைநகரம் ஆஸ்டின் மிகத் தெளிவானது. 1928இல் அந்நகரத்துக்கு எழுதப்பட்ட பெருந்திட்டம், கறுப்பின மக்களுக்கான பள்ளி, பூங்கா முதலிய வசதிகளை நகரின் கிழக்கில் மட்டும் வைக்கப் பரிந்துரைத்தது. மற்ற இடங்களில் வசதி கிடைக்காததால் மக்கள் கிழக்கே நகர்ந்தார்கள். பிற்பாடு ஆலைகளுக்கான வகைப்பாடும் அதே கிழக்கில் குவிந்தது. 1951இல் ஆர்தர் டிவிட்டி என்ற கறுப்பின வேட்பாளர் மன்றத்துக்குத் தேர்வாகும் நிலையை நெருங்கியதும், 1953இல் தேர்தல் முறையே மாற்றப்பட்டது. ஒவ்வோர் இடத்துக்கும் தனித்தனிப் போட்டி, நகரம் முழுவதிலும் பெரும்பான்மை வாக்கு என்ற விதி வந்தது. கறுப்பினத்தவர் ஒருவர் மன்றத்துக்குள் நுழைய 1971 ஆகிவிட்டது. அதன்பின் ஓர் இடம் கறுப்பினத்தவருக்கு, ஓர் இடம் ஹிஸ்பானிக் சமூகத்துக்கு என்ற எழுதப்படாத ஒப்பந்தம் நிலவியது. அது கதவைச் சற்றே திறந்து வைத்தது. அதற்கு மேல் திறக்காதபடி பிடித்தும் வைத்தது.

வார்டு முறை வேண்டுமா என்று பலமுறை வாக்கெடுப்பு நடந்து தோற்ற பிறகு, 2012இல் பத்து வார்டும் ஒரு மேயரும் என்ற அமைப்பு வென்றது. எல்லையை வரைய, பதவியிலிருப்போர் தலையிட முடியாத 14 குடிமக்கள் கொண்ட ஆணையம் அமைந்தது. 2014இல் தேர்வான முதல் மன்றத்தில் ஹிஸ்பானிக் உறுப்பினர்கள் மூவர். பெண்கள் ஏழு பேர்.

வாக்குக் கோட்டில் நீதி கிடைத்தது. நிலக் கோட்டில் என்ன நடந்தது? நகரின் பழைய வகைப்பாட்டுச் சட்டத்தை மாற்றும் பெருமுயற்சி 2018இல் கைவிடப்பட்டது. அடுத்த முயற்சிக்கு மன்றத்தில் 7க்கு 4 என்ற பெரும்பான்மை இருந்தது. ஆனால் அன்றைய டெக்சஸ் சட்டப்படி அண்டை நிலப்பரப்பில் 20 சதவீதத்துக்கு உரிமையுள்ளோர் எதிர்ப்பு மனு கொடுத்தால் நான்கில் மூன்று பங்கு, அதாவது 11 பேரில் 9 பேர் ஆதரவு தேவைப்பட்டது. இந்த விதி நகரம் முழுவதற்குமான மாற்றத்துக்கும் பொருந்தும் என்று நீதிமன்றம் கூறியதால் அந்த முயற்சியும் நின்றது. அந்த ஆண்டுகளில் வீட்டு விலை ஏறிக்கொண்டே போனது. கிழக்கு ஆஸ்டினின் பழைய குடும்பங்களில் பல ஊரைவிட்டே போயின. எந்த மக்களின் குரலுக்காக வார்டு முறை கேட்கப்பட்டதோ, அந்த மக்களே வார்டிலிருந்து கரைந்துகொண்டிருந்தார்கள். இதை எழுதும்போது வருத்தத்தை அடக்கிக்கொள்ள இயலவில்லை.

அதே வார்டு மன்றம்தான் 2023 டிசம்பரில், ஒரு தனி வீட்டு மனையில் மூன்று வீடுகள் வரை கட்டலாம் என்ற மாற்றத்தை 9க்கு 2 என்று நிறைவேற்றியது. குறைந்தபட்ச மனை அளவு 2024இல் 5,750 சதுர அடியிலிருந்து 1,800 ஆனது. எதிர்ப்பு மனுவின் வலுவை 2025இல் மாநிலச் சட்டமன்றம் பெருமளவு குறைத்தது.

உறுப்பினரின் ஒற்றைச் சொல்

நியூயார்க்கின் பாடம் இதைவிடச் சிக்கலானது. அங்கே நிலம் பற்றிய இறுதி முடிவுகளை நீண்ட காலம் எடுத்தது மதிப்பீட்டு வாரியம் என்ற அமைப்பு. மேயர் முதலான மூவருக்கும் ஆளுக்கு இரு வாக்கு, நகரின் ஐந்து பெரும்பகுதிகளின் தலைவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. ஏறத்தாழ 22 லட்சம் பேர் வாழ்ந்த புரூக்ளினுக்கும், மூன்றரை லட்சம் பேர் வாழ்ந்த ஸ்டேட்டன் தீவுக்கும் ஒரே வாக்கு. மிட்லண்டு தீர்ப்பின் வழியில் 1989இல் உச்ச நீதிமன்றம் இதை ரத்து செய்தது. வாரியம் கலைந்தது, நில அதிகாரம் மாநகராட்சி மன்றத்துக்கு வந்தது, சிறுபான்மையினருக்குக் கூடுதல் இடம் கிடைக்கட்டும் என்று மன்றத்தின் இடங்கள் 35இலிருந்து 51 ஆயின.

வாக்குச் சமத்துவத்துக்காக வந்த தீர்ப்பு, நிலத்தைப் பற்றி முடிவெடுக்கும் கையையே மாற்றிவிட்டது. புதிய மன்றத்தில் ஒரு வழக்கம் வேரூன்றியது: ஒரு வார்டுக்குள் வரும் வகைப்பாடு மாற்ற மனுவில் அந்த வார்டு உறுப்பினர் என்ன சொல்கிறாரோ அதையே மற்றவர்களும் ஏற்பார்கள். என் வார்டில் நீ தலையிடாதே, உன் வார்டில் நான் தலையிட மாட்டேன் என்ற இந்த உடன்பாடு எந்தச் சட்டத்திலும் எழுதப்படவில்லை. ஹார்லெமின் 145ஆவது தெருவில் 900க்கும் மேற்பட்ட வீடுகள் கட்டும் மனு, மலிவு வீடுகள் போதாது என்று வார்டு உறுப்பினர் எதிர்த்ததால் 2022இல் திரும்பப் பெறப்பட்டது. அடுத்த ஆண்டு அந்த இடத்தில் லாரி நிறுத்தம் வந்தது. உறுப்பினரின் கவலை போலியானதென்று சொல்ல முடியாது. புதிய மாடிகள் பழைய குடியிருப்போரை விரட்டிய அனுபவம் அப்பகுதிக்கு உண்டு. ஆயினும் ஒருவருடைய மறுப்பு நகரம் முழுவதன் வீட்டுப் பஞ்சத்தையும் சேர்த்துத் தீர்மானித்துவிடுகிறது.

சிகாகோவில் இது இன்னும் பழைய வழக்கம். 50 வார்டுகள், ஒவ்வோர் உறுப்பினரும் தன் வார்டின் நிலத்துக்கு ஏறத்தாழ அதிபதி. அங்கே வார்டு எல்லைக்காக நடந்த போராட்டங்களின் கடுமை இதனால்தான் புரிகிறது. நகரின் முதல் கறுப்பின மேயர் ஹரால்டு வாஷிங்டன் 1983இல் பதவியேற்றபோது, மன்றத்தில் 29 பேர் எதிரணியாகத் திரண்டு அவரை முடக்கினார்கள். முந்தைய வார்டு வரைவு சிறுபான்மையினரைப் பாதித்தது என்ற வழக்கின் விளைவாக 1986இல் ஏழு வார்டுகளில் சிறப்புத் தேர்தல் நடந்தது. மன்றம் 25க்கு 25 ஆனது; மேயரின் வாக்கு முடிவைத் தந்தது. ஏழு வார்டுகளின் கோடு மாறியதால் ஒரு பெருநகரத்தின் ஆட்சியே நகரத் தொடங்கியது.

இந்த ஒற்றை அதிகாரம் ஊழலுக்கும் வாசல். லாஸ் ஏஞ்சலிஸ் மன்றத்தின் நிலப் பயன்பாட்டுக் குழுவுக்குத் தலைவராக இருந்த ஹோசே ஹுயிசார், கட்டுமான நிறுவனங்களிடம் லஞ்சம் வாங்கிய வழக்கில் 2024 ஜனவரியில் 13 ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். அந்நகரில் 39 லட்சம் மக்களுக்கு 15 உறுப்பினர்கள்தான்; ஒருவருக்கு ஏறத்தாழ 2,60,000 பேர். அந்த எண்ணிக்கை 1925இலிருந்து மாறவில்லை.

சட்டமா, தீர்ப்பா?

ஒரு மனைக்கான வகைப்பாடு மாற்றத்தை மன்றம் வாக்கெடுத்து முடிவு செய்வது சட்டமியற்றலா, தீர்ப்பு வழங்கலா? 1973இல் ஓரிகன் உச்ச நீதிமன்றம், ஒருவருடைய நிலம் பற்றிய முடிவு நீதிமன்றச் செயலுக்கு ஒப்பானது, எனவே சான்றும் காரணமும் வேண்டும் என்றது. அப்படியானால் உறுப்பினர் மனுதாரரைத் தனியே சந்திப்பதும் தவறாகிவிடும். மூன்றாண்டு கழித்து நாட்டின் உச்ச நீதிமன்றம், ஓகையோவின் ஈஸ்ட்லேக் ஊரில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் மக்கள் வாக்கெடுப்பு கேட்கும் விதியையும் ஏற்றுக்கொண்டது. இரண்டு நெறிகளும் இன்றும் வெவ்வேறு மாநிலங்களில் வாழ்கின்றன.

மக்களையே கேட்பதுதான் சிறந்தது என்ற நிலைப்பாட்டுக்கும் ஆய்வுச் சிக்கல் இருக்கிறது. ஐன்ஸ்டைன், கிளிக், பாமர் ஆகிய மூவர் மாசசூசெட்ஸ் ஊர்களின் கருத்துக் கேட்புக் கூட்டக் குறிப்புகளை ஆராய்ந்து 2019இல் எழுதிய நூலில், பேச வருவோரில் முதியோர், ஆண்கள், சொந்த வீடுள்ளோர் விகிதத்துக்கு மேல் இருப்பதையும், பெரும்பாலோர் எதிர்க்கவே வருவதையும் காட்டினார்கள். நாளை அங்கே குடிவரவிருப்பவர் எந்தக் கூட்டத்துக்கும் வருவதில்லை.

வார்டு முறை வீட்டைக் குறைக்கிறதா?

இரு கோடுகளையும் சேர்த்து அளந்த ஆய்வுகள் சிலவே. நகரம் தழுவிய தேர்தலிலிருந்து வார்டு முறைக்கு மாறிய ஊர்களை ஒப்பிட்ட ஈவன் மாஸ்ட், வீட்டு அனுமதிகள் ஏறத்தாழ கால் பங்கு குறைந்ததாகவும், அடுக்குமாடிகளில் சரிவு கூடுதல் என்றும் கண்டார். மைக்கேல் ஹேங்கின்சனும் ஆஸ்யா மகசினிக்கும் கலிபோர்னிய நகரங்களை ஆராய்ந்து இன்னொரு பக்கத்தையும் காட்டினார்கள். மொத்த வீடுகள் குறைந்தாலும், அவை முன்புபோலச் சிறுபான்மையினர் பகுதிகளிலேயே குவியாமல் பரவின. முன்பு யாருக்கும் வேண்டாத கட்டடத்தைக் குரலில்லாத பகுதியின் தலையில் கட்ட முடிந்தது. வார்டு உறுப்பினர் வந்த பின் அது எளிதாக இல்லை.

இந்தச் சான்றுகளைக் கொண்டு வார்டு முறையையே பழிப்பது அவசரம் என்று கருதுகிறேன். டஸ்கீகியும் மொபைலும் அவ்வளவு தொலைவில் இல்லை. 13 வார்டுகள் கொண்ட மினியாபொலிஸ் மன்றம்தான், தனி வீடு மட்டுமே கட்டலாம் என்ற வகைப்பாட்டை நகரம் முழுவதும் ஒழிக்கும் திட்டத்தை 2018 டிசம்பரில் 12க்கு 1 என்று ஏற்றது. 2023இன் ஆஸ்டின் மன்றமும் வார்டு மன்றமே. இரண்டிலும் வாக்கெடுப்பு ஒரு மனையைப் பற்றியதாக இல்லாமல் வரைபடம் முழுவதையும் பற்றியதாக இருந்தது. எல்லா வார்டும் ஒரே சமயம் மாறும்போது, உன் வார்டு என் வார்டு என்ற கொடுக்கல் வாங்கலுக்கு இடம் சுருங்குகிறது போலும். இரண்டு மூன்று நகரங்களை வைத்து இதை நெறியாக்க முடியாது.

கோட்டை வேறு கைக்கு மாற்றுதல்

இன்று முன்வைக்கப்படும் தீர்வுகள் பெரும்பாலும் கையை மாற்றுபவை. வார்டு எல்லையைச் சுயேச்சை ஆணையத்திடம் கொடுக்கலாம். சிகாகோவில் 2022இல் கூட எல்லையை உறுப்பினர்களே 43க்கு 7 என்று வாக்கெடுத்து முடித்தார்கள். 41 பேர் சேர்ந்துவிட்டால் மக்கள் வாக்கெடுப்புத் தேவையில்லை என்பதே அங்கு விதி. ஆணையத்தின் பலவீனம், ஒரே நலன் கொண்ட சமூகம் எது என்று சொல்ல வேண்டிவரும்போது தெரியும். சங்கம் வைத்திருப்போர் வரைபடத்தோடு வருவார்கள். ஆண்டுக்கொரு வீடு மாறும் வாடகைதாரர் வருவதில்லை.

நில அதிகாரத்தை மாநிலத்துக்கு உயர்த்துவது இன்னொரு வழி. ஓரிகன் 2019இலும் கலிபோர்னியா 2021இலும் தனி வீட்டு மனைகளில் கூடுதல் வீடுகளுக்கு வழிவிட்டன. வேகம் இதன் பலம். மாநிலச் சட்டமன்றத்தின் கோடுகளும் யாரோ வரைந்தவைதான் என்பதை மறக்கக்கூடாது. நகரங்களை முடக்க அதே அதிகாரம் பயன்பட்டதற்கு டஸ்கீகியே சாட்சி.

எஞ்சி நிற்பவை

நிலக் கோட்டை ஒதுக்கலுக்குப் பயன்படுத்தினார்கள் என்பதிலும், வாக்குக் கோட்டால் குரல் நசுக்கப்பட்டது என்பதிலும் ஐயம் இல்லை. ஒன்றைச் சரிசெய்வது மற்றதைச் சரிசெய்துவிடும் என்ற எதிர்பார்ப்பு நியூயார்க்கிலும் ஆஸ்டினிலும் பலிக்கவில்லை. சுயேச்சை ஆணையம் வரைந்த வார்டுகளில் உறுப்பினர் நிலத்தை வேறுவிதமாக ஆள்கிறாரா என்பதற்கு நம்பத்தக்க அளவீடு கண்ணில் படவில்லை. புதிய வீடுகள் நகரம் முழுவதும் விலையைத் தணித்தாலும், அவை எழும் தெருவில் பழைய குடும்பம் தங்குகிறதா என்பதிலும் கருத்து வேற்றுமை நீடிக்கிறது.

இரண்டு சோதனைகள் தொடங்கிவிட்டன. நியூயார்க் மக்கள் 2025 நவம்பரில், மலிவு வீட்டுத் திட்டத்தை மன்றம் மறுத்தால் மேயர், மன்றத் தலைவர், பகுதித் தலைவர் மூவரில் இருவர் அதை மாற்றலாம் என்ற திருத்தத்தை ஏற்றார்கள். வார்டு உறுப்பினரின் ஒற்றைச் சொல்லுக்கு மேல் ஒரு மேல்முறையீடு இப்போது இருக்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் மக்கள் அதற்கு ஓராண்டு முன்னரே, 2024 நவம்பரில், வார்டு எல்லையை மன்றத்திடமிருந்து எடுத்துச் சுயேச்சை ஆணையத்திடம் தந்தார்கள். அது வரையும் எல்லைகள் 2030 கணக்கெடுப்புக்குப் பிறகு வரும். ஒரு நகரம் நிலக் கோட்டில் கை வைத்திருக்கிறது, மற்றது வாக்குக் கோட்டில். அடுத்த பத்தாண்டில் வார்டுவாரியாக எத்தனை வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது, எத்தனை வாடகைதாரர் அதே வார்டில் மறுமுறையும் வாக்களித்தார்கள் என்ற இரு எண்களையும் சேர்த்து எடுத்துவைத்தால் ஒப்பிட ஏதாவது கிடைக்கும். அந்தக் கணக்கை இப்போதே தொடங்க வேண்டும்.